மென்பொருளும் ஊடகமும்: எந்தப் பட்டத்தில் என்ன இருக்கிறது?

பிளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்தில் தமிழ்நாட்டின் பல வீடுகளில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் படிக்கவைப்பது என்று முடிவாகிவிட்டது. எந்தக் கம்ப்யூட்டர் படிப்பு? பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.எஸ்சி. ஐ.டி., பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் டெக்னாலஜி, பி.இ. சி.எஸ்.இ., பி.டெக். ஐ.டி., செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் என்று ஒரு வரிசை. படம் வரைவதிலோ கேமராவிலோ ஆசையுள்ள பிள்ளை என்றால் விஸ்காம், எலெக்ட்ரானிக் மீடியா, மல்டிமீடியா, அனிமேஷன், வி.எஃப்.எக்ஸ். என்று இன்னொரு வரிசை. ஒவ்வொரு கல்லூரியின் விளம்பரமும் தன்னிடம் உள்ள பட்டமே எதிர்காலத்தின் பட்டம் என்கிறது.

இந்தப் பட்டங்களின் பாடத்திட்டங்களை ஒன்றின் அருகில் ஒன்றாக வைத்துப் படித்தால் பெயர்கள் காட்டும் அளவுக்கு வேறுபாடு இல்லை என்பது தெரியும். வேறுபாடு மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது: கணிதம் எவ்வளவு இருக்கிறது, மாணவர் தன் கையால் செய்துபார்க்க எத்தனை மணி நேரம் கிடைக்கிறது, பட்டம் முடிந்த பிறகு சட்டப்படி எந்தெந்த வாசல்கள் திறக்கின்றன. இந்த மூன்றில் கடைசியைத்தான் பெரும்பாலோர் சேர்ந்து முடித்த பிறகு தெரிந்துகொள்கிறார்கள். அது வருத்தத்துக்குரியது, ஏனென்றால் அதைத்தான் முன்கூட்டியே எளிதாகத் தெரிந்துகொள்ள முடியும்.

முதலில் மென்பொருள் பக்கம். பொறியியல் பட்டம் நான்கு ஆண்டு. தமிழ்நாட்டில் 2007 முதல் அதற்கு நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடும் கட்ஆஃப்பை வைத்துக் கலந்தாய்வு நடக்கிறது. பி.எஸ்சி.யும் பி.சி.ஏ.வும் மூன்று ஆண்டு. நெடுங்காலம் இவற்றின் பாடத்திட்டம் முழுக்க அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருந்தது. 2024-25 கல்வியாண்டு முதல் பி.சி.ஏ.வை ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தன் வரம்புக்குள் கொண்டுவந்து, மாதிரிப் பாடத்திட்டமும் வெளியிட்டது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அந்த வரம்புக்கு வெளியேதான் நிற்கிறது. ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்த வகுப்பறைகளில், பல நேரம் அதே ஆசிரியர்களே நடத்தும் இரண்டு பட்டங்களுக்கு இப்போது இரண்டு மேலாண்மைகள்.

எம்.சி.ஏ. மூன்று ஆண்டுப் படிப்பாக இருந்தது. எந்தப் பட்டதாரியையும் எடுத்து முதல் ஆண்டில் அடிப்படை சொல்லிக்கொடுத்துவிடலாம் என்ற நினைப்பில் அமைந்த படிப்பு அது. 2020-21 முதல் அது இரண்டே ஆண்டு. அப்படியானால் அந்த அடிப்படை இளநிலையிலேயே வந்துவிட்டிருக்க வேண்டும். ஆகவே சரியான ஒப்பீடு பி.சி.ஏ.வுக்கும் பி.இ.க்கும் இடையே அல்ல, பி.சி.ஏ.வும் எம்.சி.ஏ.வும் சேர்ந்த ஐந்து ஆண்டுக்கும் பி.இ.யின் நான்கு ஆண்டுக்கும் இடையேதான். வேதியியல் பிடிக்காத, வணிகவியல் பிரிவிலிருந்து வந்த, ஆனால் புரோகிராம் எழுத விரும்பும் ஒரு மாணவருக்கு அந்த ஐந்து ஆண்டுப் பாதை நல்ல பாதை. செலவும் குறைவு: அரசுக் கலைக் கல்லூரியில் ஓராண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதே ஐந்து ஆண்டை ஒரே மூச்சில் தரும் ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. படிப்புகள் கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் சி.ஐ.டி.யிலும், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலும் உள்ளன. இவற்றை ஊர்ப்புறத்துப் பள்ளிகளில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் ஆதங்கம். பொறியியலுக்கு இணையான ஆழமும், அறிவியல் பட்டத்தின் இலகுவும் ஓரிடத்தில் கிடைக்கும் படிப்புகள் அவை.

பாடங்களுக்குள் இறங்கினால், பி.இ. சி.எஸ்.இ.யின் எடை டிஸ்கிரீட் மேத்ஸ், நிகழ்தகவு, கணினிக் கட்டமைப்பு, கணிமைக் கோட்பாடு, கம்பைலர் ஆகியவற்றில் இருக்கிறது. பி.எஸ்சி.யில் தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், தரவுத்தளம், வலையமைப்பு எல்லாம் வரும். கணிதம் துணைப்பாடமாக, அதாவது அலைடு பாடமாக, ஓரிரு செமஸ்டர் வரும். பி.சி.ஏ.வில் மொழிகளும் மென்பொருள் உருவாக்கமும் முன்னால் நிற்க, கணிதத்தின் இடத்தைப் பல இடங்களில் கணக்குப்பதிவியலும் புள்ளியியலும் பங்குபோட்டுக்கொள்ளும். நேரத்தை அலசிப் பார்த்தால் மூன்றுக்கும் நடுவில் பாதிக்கு மேல் பொது நிலம்தான். ஆனால் விடுபட்ட அந்தக் கணிதப் பாடம் பின்னால் வாசலாக வந்து நிற்கிறது. திருச்சி என்.ஐ.டி. உள்ளிட்ட என்.ஐ.டி.களில் எம்.சி.ஏ. சேர நிம்செட் என்ற தேர்வு எழுத வேண்டும். அதற்கு இளநிலையில் கணிதமோ புள்ளியியலோ ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் முதுநிலை படிக்க நினைத்தால் பதினாறு ஆண்டுக் கல்வி என்ற நிபந்தனை பல பல்கலைக்கழகங்களில் உண்டு. பன்னிரண்டும் மூன்றும் பதினைந்துதான்.

அரசு வேலை என்ற வாசல் இன்னும் நுணுக்கமானது. ஓர் அறிவிக்கையில் கணினி அறிவியல் பட்டம் என்று கேட்டிருந்தால், வேறு பெயரில் உள்ள பட்டம் அதற்கு இணையானது என்பதற்கு அரசாணை இருக்க வேண்டும். உயர்கல்வித் துறை அவ்வப்போது இந்த இணைத்தன்மை ஆணைகளை வெளியிடுகிறது. இணையானவை என்றும், இணை அல்ல என்றும் இரண்டு வகையாகவும் பட்டியல் வருகிறது. பாடங்கள் ஒன்றாக இருந்தும், பெயரில் ஒரு சொல் கூடியதால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களின் துயரம் இந்த மாநிலத்தில் புதிதல்ல. ஆகையால் "வித்" என்று தொடங்கும் வாலோடு வரும் பட்டங்களை, அதாவது வித் ஏ.ஐ., வித் சைபர் செக்யூரிட்டி, வித் டேட்டா அனலிடிக்ஸ் போன்றவற்றை, நான் இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன். வால் தவறு என்பதல்ல; அந்த வாலுக்காக எந்தப் பாடத்தை எடுத்துவிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். மூன்று ஆண்டில் ஆறு செமஸ்டர்தான். இயங்குதளத்தையோ கணிதத்தையோ வெளியே தள்ளிவிட்டு வந்த செயற்கை நுண்ணறிவு, அஸ்திவாரம் இல்லாத மாடி. பொறியியலிலும் இதே நிலைதான்: சி.எஸ்.இ., ஐ.டி., ஏ.ஐ.-டி.எஸ். மூன்றுக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் ஏறத்தாழ ஒன்றே. பிரிவின் பெயருக்காக நல்ல கல்லூரியை விட்டு, ஆசிரியர் இல்லாத கல்லூரிக்குப் போவது நஷ்டம்.

வேலை கொடுப்பவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? பெரிய சேவை நிறுவனங்கள் பி.இ.க்கு ஒரு தொடக்கச் சம்பளம், பி.எஸ்சி., பி.சி.ஏ.வுக்கு அதைவிடக் குறைந்த ஒன்று என்று பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. அதே நேரம் விப்ரோ போன்ற நிறுவனம் மூன்றாண்டுப் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து, வேலையோடு எம்.டெக். படிக்கவைக்கும் திட்டத்தைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. ஸோஹோ இன்னும் ஒரு படி போய், பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துத் தன் பள்ளியிலேயே பயிற்றுவித்து வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அதன் வேலை நடக்கிறது. பட்டமே வேண்டாம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வாசலில் நுழையும் எண்ணிக்கை சிறியது. நுழையாதவருக்குப் பட்டம்தான் துணை. ஆனால் ஒன்றை அது நிரூபித்திருக்கிறது: பிரச்சினையைக் கூறுபோட்டுச் சிந்திக்கத் தெரிந்த பிள்ளைக்கு, நாள் முழுக்க புரோகிராம் எழுதும் சூழல் கிடைத்தால், கற்றல் வேகமாக நடக்கிறது. கல்லூரி ஆய்வக நேரத்தை வாரத்துக்கு நான்கைந்து மணிக்குள் அடக்கி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி ஊடகப் பக்கம். இங்கே குழப்பம் இன்னும் பெரிது, இழப்பும் பெரிது. விஸ்காம் என்று நாம் சுருக்கி அழைக்கும் பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன், தொடர்பியலில் வேர்விட்ட படிப்பு. வரைதல், புகைப்படம், விளம்பரம், வானொலி, தொலைக்காட்சித் தயாரிப்பு, ஊடகக் கோட்பாடு என்று அகலமாகப் போகும். கணினி அதில் ஒரு கருவி. மல்டிமீடியா, அனிமேஷன் பட்டங்கள் அந்தக் கருவியையே பாடமாக்கியவை. வேறுபாடு சிறியதாகத் தெரியும், ஆனால் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் பெரியது. ஒரு காலத்தில் மல்டிமீடியா பாடத்திட்டம் என்றாலே ஃபிளாஷ் மென்பொருளும் ஆக்‌ஷன்ஸ்கிரிப்டும்தான். இணையத்தில் அசையும் எதையும் அதில்தான் செய்தார்கள். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷ் பிளேயரைக் கைவிட்டது. ஃபிளாஷின் மெனுக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவர்களின் படிப்பும் அன்றோடு செலாவணி இழந்தது. ஆனால் அதே வகுப்பில் அசைவின் நேரக்கணக்கை, ஒரு பந்து விழுந்து எழும்போது எங்கே வேகம் குறைகிறது என்பதை, யாராவது ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தால், அது இன்று பிளெண்டரிலும் பயன்படும், நாளை வரும் பெயர் தெரியாத மென்பொருளிலும் பயன்படும்.

அடிப்படை என்பது ஊடகத்தில் இரண்டு கிளைகளாக இருக்கிறது. ஒன்று கலையின் அடிப்படை: கோடு, ஒளி, நிறம், சட்டகம், கதை, ஒலி. இதை ஆழமாகத் தரும் இடங்கள் நம் ஊரிலேயே உண்டு. தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம், பழைய பெயரில் அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட், பி.சி. ஸ்ரீராம் போன்ற ஒளிப்பதிவாளர்களை உருவாக்கிய இடம். இப்போது அங்கே நான்காண்டுக் காட்சிக்கலைப் பட்டமாக ஒளிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, அனிமேஷன் முதலியவை நடக்கின்றன. இடங்கள் மிகக் குறைவு. அண்ணா பல்கலைக்கழகத்தின் எலெக்ட்ரானிக் மீடியா ஐந்தாண்டு எம்.எஸ்சி. படிப்பவர்களுக்கு 2004 பிப்ரவரி 1 முதல் ஒலிக்கும் அண்ணா எஃப்.எம். வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. நேயர் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒலிபரப்பிப் பழகுவதற்கு ஈடான ஆய்வகம் வேறில்லை. வடிவமைப்புக்கு 1961இல் தொடங்கிய ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் 1969இல் தொடங்கிய மும்பை ஐ.ஐ.டி.யின் ஐ.டி.சி.யும் இருக்கின்றன. அவற்றின் நுழைவுத் தேர்வு பார்க்கும், வரையும், யோசிக்கும் திறனைச் சோதிப்பது. அதற்கு ஓராண்டு முன்பிருந்தே பழக வேண்டும் என்பதுகூட நம் மேல்நிலைப் பள்ளிகளில் தெரிவதில்லை.

இன்னொரு கிளை, கணிதம். ஊடகத்துக்கும் மென்பொருளுக்கும் உண்மையான சந்திப்பு அங்கேதான். கைபேசியில் நாம் அனுப்பும் ஒவ்வொரு ஜேபெக் படத்தையும் சுருக்கித்தரும் கோசைன் உருமாற்றத்தை 1974இல் கட்டுரையாக வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் என்ற மூவர். திரையில் தெரியும் 'ழ'வின் வளைவுக்குள் இருப்பது, பிரான்சின் கார் நிறுவனங்களில் உடற்பாகங்களை வடிவமைக்க 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் பியர் பெசியேயும் பால் டி காஸ்டெல்ஜோவும் உருவாக்கிய வளைகோட்டுக் கணிதம். எட்வின் கேட்மல் 1974இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கணினி விஞ்ஞானி. பிக்ஸார் நிறுவனத்தைக் கட்டியவர்களில் ஒருவர். 1995இல் வந்த 'டாய் ஸ்டோரி' முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படம். முப்பரிமாண வரைகலைக்காக கேட்மலுக்கும் பாட் ஹன்ரஹனுக்கும் 2019ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. ஒரு பொம்மையின் தலையைத் திருப்புவது அணிப் பெருக்கல். அதன் கன்னத்தில் விழும் வெளிச்சம் வெக்டர்களின் புள்ளிப் பெருக்கல். பிளஸ் டூவில் அணியும் முக்கோணவியலும் எதற்கு என்று கேட்ட மாணவருக்கு இதைவிட அழகான பதில் இல்லை. அந்தப் பதிலை நம் அனிமேஷன் பட்டங்களில் பல சொல்லாமலே முடிந்துவிடுகின்றன என்பதுதான் கொடுமை.

இரண்டு கிளையையும் சேர்த்துத் தரும் பட்டம் உண்டா என்றால், உண்டு, ஆனால் சில. டில்லி ஐ.ஐ.ஐ.டி. 'கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்டு டிசைன்' என்ற பி.டெக். படிப்பை நடத்துகிறது, அதே பெயரில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் சிலவற்றிலும் பிரிவு வந்திருக்கிறது. வெளிநாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் என்டர்டெயின்மென்ட் டெக்னாலஜி சென்டர். அதை 1998இல் தொடங்கியவர்கள் ராண்டி பாஷ் என்ற கணினி அறிவியல் பேராசிரியரும் டான் மரினெல்லி என்ற நாடகப் பேராசிரியரும். அங்கே இரண்டு துறைகளும் சமமாகப் பொறுப்பேற்றன. மாணவர்களும் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து குழுவாக வேலை செய்கிறார்கள். கலப்புப் பட்டத்தைச் சோதிக்க இதுவே என் அளவுகோல்: அந்தத் துறையில் ஓவியமோ நாடகமோ கற்ற ஆசிரியரும், கணினி அறிவியல் கற்ற ஆசிரியரும் இருவரும் இருக்கிறார்களா? ஒரு பக்கம் மட்டும் இருந்தால், மறுபக்கம் பெயரளவில்தான்.

அமெரிக்காவுக்குப் போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே ஒவ்வொரு பட்டத்துக்கும் சி.ஐ.பி. என்ற வகைப்பாட்டு எண் உண்டு. 1980இல் தொடங்கி, கடைசியாக 2020இல் திருத்தப்பட்ட பட்டியல் அது. அதில் 11.08 என்ற எண்ணின் கீழ் கணினி மென்பொருளும் ஊடகப் பயன்பாடுகளும் ஒரே குடும்பமாக வருகின்றன: இணைய, பல்லூடக வடிவமைப்பு, தரவுத்தள நிர்வாகம், கணினி வரைகலை, மெய்நிகர் சூழல் உருவாக்கம். இந்த எண் மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவத்தில் அச்சாகும். அறிவியல் தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள எண் என்றால், படிப்பு முடிந்து பன்னிரண்டு மாதம் வேலைப் பயிற்சிக்கு மேல் இன்னும் 24 மாதம் நீட்டிப்புக் கேட்கலாம். 11.08 அந்தப் பட்டியலில் இருக்கிறது. நுண்கலைக் குடும்பத்தின் கீழ் வரும் கிராஃபிக் டிசைன் இல்லை. ஏறத்தாழ ஒரே வேலையைக் கற்றுத்தரும் இரண்டு பட்டங்கள். எந்தத் துறை நடத்துகிறது என்பதைப் பொறுத்து, கடன் வாங்கிப் போன ஒரு மாணவர் அங்கே வேலை செய்யக் கிடைக்கும் காலம் மூன்று மடங்காகிறது. சேருமுன் அந்த எண்ணைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நம் ஊரில் ஊடகப் பட்டதாரி ஒருவர் கல்லூரி ஆசிரியராக விரும்பினால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. நெட் தேர்வில் விஸ்காம் என்று தனிப் பாடம் கிடையாது. வெகுசனத் தொடர்பியல், இதழியல் தாளைத்தான் பெரும்பாலோர் எழுதுகிறார்கள். வெறும் மென்பொருள் பயிற்சியாகப் பட்டம் முடித்தவர் அந்தத் தாளின் முன் திணறுவார்.

வேலைச் சந்தையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, ஹாலிவுட் படங்களுக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்துவந்த அதன் இந்திய அலுவலகங்களும் மூடப்பட்டன. ஒரே நாளில் வேலையிழந்தவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் முதலில் எடுத்துக்கொள்வது தொடக்கநிலை வேலைகளைத்தான்: பின்னணியிலிருந்து உருவத்தை வெட்டியெடுக்கும் ரோட்டோ, எளிய பேனர், திரும்பத் திரும்ப வரும் நிரல்துண்டு. மூன்று ஆண்டில் அந்த வேலைகளை மட்டும் செய்யப் பழக்கும் பட்டம், எந்தப் பெயரில் வந்தாலும், இன்று ஏற்கத்தக்கது அல்ல. கருவியின் அடியில் உள்ளதை அறிந்தவர், தேவைப்பட்டால் பைத்தானில் தன் கருவியைத் தானே எழுதிக்கொள்ளக்கூடிய கலைஞர், காட்சியின் மொழி புரிந்த புரோகிராமர், இவர்களுக்கு இடம் இருக்கிறது. யூனிட்டியில் விளையாட்டு உருவாக்க சி ஷார்ப் வேண்டும், அன்ரியலில் சி பிளஸ் பிளஸ். இரண்டிலும் வெக்டர் கணிதம் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது.

தவறான பட்டத்தில் சேர்ந்துவிட்டோம் என்று நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க யு.ஜி.சி. அனுமதித்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை, நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். பாடம் இணையத்தில், தேர்வு நேரில். அதன் அடிப்படை நிலையில் இரண்டு கணிதம், இரண்டு புள்ளியியல், பைத்தான் எல்லாம் உண்டு. நடுவில் நின்றால் சான்றிதழோ டிப்ளமோவோ கையில் இருக்கும். விஸ்காம் படித்துக்கொண்டே இதைப் படிக்கும் ஒரு மாணவி, கலப்புப் பட்டம் தராத ஒன்றைத் தானே கட்டிக்கொள்கிறாள். உழைப்பு கடுமையானது, ஆனால் வாசல் திறந்திருக்கிறது.

என் தீர்ப்பு இது. கணிதத்தில் விருப்பமும் கட்ஆஃப்பும் இருந்தால் நல்ல கல்லூரியில் சி.எஸ்.இ. அல்லது ஐந்தாண்டு எம்.எஸ்சி.; வசதி குறைவென்றால் அரசுக் கல்லூரியில் கணிதம் துணைப்பாடமாக உள்ள பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பிறகு எம்.சி.ஏ.; வணிகவியல் பிரிவிலிருந்து வருபவருக்கு பி.சி.ஏ.; பார்ப்பதிலும் சொல்வதிலும் ஆர்வம் இருந்தால் விஸ்காம் அல்லது திரைப்பட நிறுவனம். ஒரு மென்பொருளின் பெயரைப் பாடத்தின் பெயராக வைத்திருக்கும் அனிமேஷன், மல்டிமீடியா பட்டங்களை, விதிவிலக்கான ஆசிரியர்கள் இருந்தாலொழிய, தவிர்த்துவிடுங்கள். எதில் சேர்ந்தாலும் பணம் கட்டுமுன் மூன்று காரியம் செய்யுங்கள். முழுப் பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்கி, கணிதத் தாள்களையும் ஆய்வக மணிகளையும் எண்ணுங்கள். பட்டத்தின் பெயருக்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். இறுதியாண்டு மாணவர் இருவரைத் தேடிப் பிடித்து, அவர்கள் செய்த புராஜெக்ட்டை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்; விலைகொடுத்து வாங்கிய புராஜெக்ட் எது, தாங்களே செய்தது எது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.